யாருக்கும் பாயாத தண்ணீர்

அக்கா,

எங்கள் தலைமை எழுத்தருக்கு இன்று சளி. மேசைமேல் நீலகிரித் தைலப் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கைக்குட்டையில் சொட்டு விட்டு முகர்ந்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அனுமதி கேட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"எதுக்குப்பா?"

"ஊட்டி போறேன் சார். சனி, ஞாயிறு லீவு. வெள்ளி சாயந்திரம் வண்டி ஏறினா, திங்கக்கிழமை காலையில திரும்ப வந்துடலாம்."

"சொந்தக்காரங்க இருக்காங்களா அங்க? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். ஏரியைப் பாக்கணும்."

கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல காரணமா ஏதாச்சும் சொல்லுப்பா" என்றார்.

அந்தத் தைல வாசனையும் அந்தப் பேச்சும் ஒன்றாக வந்ததில் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இதே வாசனையை நீயும் நானும் முதலில் முகர்ந்தது பெரிய வீட்டுக் கொல்லைப்புறத்தில். ஒவ்வொரு கோடையிலும் அந்தப் பண்ணைக் குடும்பம் ஊட்டிக்குப் போய்விட்டு வரும். வந்ததும், கொல்லையில் நெல் புடைக்கிறவர்களின் உள்ளங்கையில் ஆளுக்கொரு சொட்டுத் தைலம். அதுதான் நமக்கு ஊட்டி.

ஒரு முறை அந்த வீட்டு மருமகள் ஏரியைப் பற்றியும் படகைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தபோது, நீ முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாயாம்: "அந்த ஏரி எத்தனை வேலி நிலத்துக்குப் பாயுதுங்க?" அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாளாம். எதற்கும் பாயாது, சும்மா பார்க்கத்தான் என்றாளாம்.

அன்று சாயங்காலம் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து இதை என்னிடம் சொன்னாய். உன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சும்மாத் தண்ணியாம்டா. மடை கிடையாது. முறை கிடையாது. உனக்கு எனக்குன்னு எவனும் மம்முட்டியத் தூக்கிக்கிட்டு வரமாட்டான். அப்படி ஒரு தண்ணி இருக்குமா?"

நம் அப்பாவின் நெற்றியில் இருந்த தழும்பு, பெரிய வீட்டுத் தண்ணீர் முறை முடிவதற்கு முன்னால் மடையைத் திறந்ததற்காக வாங்கியது. குத்தகைக்குச் செய்த துண்டு நிலத்தில் நாற்று கருகிக்கொண்டிருந்தது, திறந்தார், மண்டை உடைந்தது. பிறகு அந்தக் குத்தகையும் போனது. தண்ணீர் என்றால் நமக்கு அதுதான். அதனால், "யாருக்கும் பாயாத தண்ணிய ஒரு தடவ உக்காந்து பாத்துட்டு வரணும்டா" என்று நீ சொன்னபோது எனக்கு விளையாட்டாகப் படவில்லை.

எனக்கு வேலை கிடைத்ததும் முதலில் அந்தத் திட்டத்தைத்தான் போட்டேன். பூதலூரில் ஏறித் திருச்சியில் வண்டி மாறுவது, விடியும்போது மேட்டுப்பாளையம், அங்கிருந்து மலை ரயில். சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க ஏரிக்கரை. ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிடலாம். நான் சொல்லச் சொல்ல நீ கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "சனி ஞாயிறுன்னா என்னடா? நடவுக்குக் கிழமை உண்டா?"

உன்னோடு நடவு நடுகிறவர்கள் உன்னைச் சும்மா விடவில்லை.

"ஊட்டிக்குப் போறவ வரா, வழி விடுங்கடி!"

"கோட்டு போட்டுக்கணுமாமே அங்க? சேத்துக்காலோட கோட்டா?"

"உனக்கும் ஒண்ணு வாங்கியாறேன். போட்டுக்கிட்டுக் களை எடு" என்று நீ திருப்பிக் கொடுத்தாய். வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் என்ற சொல் இந்தக் கடிதத்தில் இனி வராது.

தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றைக் குறித்தோம். உன் வீட்டுக்காரரான மாமாவும் சரி என்றுவிட்டார். அதற்குப் பிறகுதான் நீ அந்தக் காரியத்தைச் செய்தாய். பெரிய வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாய்.

நான் கத்தினேன். "யாரைக் கேட்டுக்கிட்டு ஊரை விட்டுப் போகணும்? பண்ணையாள் காலமா இது? ஆட்சி மாறி, சட்டம் வந்து, குடியிருக்கிற மனையே நம்முதுன்னு ஆயிடுச்சு. இன்னும் அங்க போயி கைகட்டி நிக்கிறியே!"

"கேக்கலடா. சொன்னேன். கேக்கறது வேற, சொல்றது வேற. ரெண்டு நாளு காணோம்னா தேடுவாங்கல்ல?"

தேடத்தான் தேடினார்கள். மறுநாளே அந்த வீட்டுக் காரியக்காரர் தெருவுக்கு வந்தார். எல்லார் காதிலும் விழும்படி, "ஊட்டிக்குப் போறாளாம். அங்க என்னடி, நடவுக்கு ஆள் கேட்டாங்களா? இல்ல, மாநாடா?" என்றார். ஏரி பார்க்கத்தான் என்று நீ சொன்னதை அவர் நம்பவில்லை. உழைக்கிறவள் வேலையில்லாமல் ஒரு ஊருக்குப் போவாள் என்பது அவர் புத்திக்கு எட்டாத விஷயம். போகும்போது சொல்லிவிட்டுப் போனார்: "சனிக்கிழமைதான் அறுப்பு. வராத ஆளுக்குப் பதிலா வெளியூர் ஆள் இறங்கும்."

கதிர் இன்னும் பச்சை மாறவில்லை. அது அவருக்கும் தெரியும்.

அந்த வருஷம் வெளியூர் ஆள் இறங்குவது என்றால் அடிதடி, போலீஸ் என்று உனக்கும் எனக்கும் தெரியும். கூலியில் ஒரு படி நெல் கூட்டிக் கேட்டு ஊர் கொதித்துக்கொண்டிருந்த நேரம். சங்கத்துத் தோழர் நம் வீட்டுக்கே வந்தார். நம் பக்கம் நிற்கிறவராயிற்றே, இவராவது சொல்வார் என்று பார்த்தேன்.

"இப்ப வேண்டாம்மா. கூலி பத்தலைன்னு கேக்குறவங்களுக்கு ஊட்டி கேக்குதான்னு பேசுவாங்க. நம்ம கோரிக்கையே கெட்டுப்போயிடும்."

"பேசட்டுமே தோழர். சோத்துக்கு மட்டுந்தான் கூலி கேக்கணுமா?" என்றேன்.

அவர் என்னைச் சின்னப் பையனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நீ, "விடுடா, ஏரி எங்க போயிடப் போவுது" என்றாய்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்று உண்டு. உன்னை ஊரைவிட்டு வெளியே போகக்கூடாது என்று சொன்னதில் காரியக்காரரும் தோழரும் ஒரே குரல். அவருக்கு நீ அறுப்பு ஆள், இவருக்கு நீ கோரிக்கை. இரண்டு பேருக்குமே நீ கால் நீட்டி உட்கார்ந்து தண்ணீர் பார்க்கிற ஒரு பொம்பளையாகத் தெரியவில்லை. தோழர் நல்லவர். நமக்காக அடிபட்டவர். அதனால்தான் அவர்மேல் எனக்கு வருத்தம் அதிகம்.

மாசியில் போகலாம் என்றோம். அறுப்புத் தகராறில் மாமாமேல் வழக்குப் போட்டு, தினமும் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வைத்தார்கள். அவரை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாய். சித்திரையில் பெரிய வீட்டுக்காரர்கள் வழக்கம்போல் ஊட்டிக்குப் போனார்கள். அவர்கள் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. திரும்பி வந்து சொட்டுத் தைலம் கொடுத்தபோது நீ கையை நீட்டவில்லை என்று மாமா சொன்னார். பிறகு ஆற்றில் தண்ணீர் வந்தது. குறுவை நடவு வந்தது. உனக்கு ஓய்வு இல்லை.

ஐப்பசி மழையில் உனக்கு மஞ்சள் காமாலை. கண் மஞ்சளானபோதே சொல்லியிருக்கலாம். நடவு முடியட்டும் என்று மறைத்து வைத்தாய். சாலையெல்லாம் தண்ணீர், பஸ் ஓடவில்லை. உன்னைக் கட்டிலோடு பூதலூர் ஸ்டேஷனுக்குத் தூக்கி வந்தோம். வண்டி வந்து நின்றதும் கண்ணைத் திறந்தாய்.

"ஊட்டிக்கு இதுலதான் ஏறணுமாடா?"

"இல்லக்கா. இது தஞ்சாவூர் போறது. ஊட்டி அந்தப் பக்கம்."

"நம்மள எப்பவும் தப்பான பக்கமே ஏத்துறானுவ" என்று சிரித்தாய். மாமாவும் சிரித்தார், அழுதுகொண்டே. ஜன்னலுக்கு வெளியே வயல் முழுக்க வெள்ளம், வரப்பே தெரியவில்லை. நீ தலையைத் திருப்பி வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு வந்தாய். எனக்கு அந்தத் தண்ணீரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதன் அடியில் நீ நட்ட பயிர் அழுகிக்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பி வரவில்லை.

இன்று தலைமை எழுத்தரிடம் வேறு காரணம் சொல்லியிருக்கலாம். ஒரு கல்யாணத்தைச் சொன்னால் உடனே விட்டுவிடுவார். சொல்லவில்லை. "ஏரியைப் பாக்கணும் சார். அதுதான் காரணம்" என்று திரும்பவும் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். தலைமை எழுத்தர் தும்மினார், முணுமுணுத்தார், கடைசியில் போ என்றார். இந்த ஒரு அற்ப அனுமதிக்கு இவ்வளவு பாடு. அதுவும் எனக்குக் கிடைத்தது, உனக்குக் கிடைக்கவில்லை. நான் வேட்டியைக் கழற்றிவிட்டுப் பேன்ட் போட்டுக்கொண்டதால் கிடைத்தது.

ஏரியை நான் பார்த்துவிடுவேன். அது எப்படி இருந்தது என்று வந்து சொல்ல எனக்கு ஆள் இல்லை. "அப்படி ஒரு தண்ணி இருக்குமா?" என்று நீ கேட்டதற்குப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? உன் கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது, என் கோபத்தோடு கலந்து. இரண்டையும் இறக்கி வைக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

ஊரில் பெரிய வீட்டுக்குத் தெரியாது. தோழருக்கும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும்தான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் பூதலூரில், மேற்கே போகிற வண்டியில் ஏறுகிறேன்.

கேட்கவில்லை, அக்கா. சொல்லிவிட்டுப் போகிறேன்.