எவ்வளவு கறுப்பு

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெள்ளிக்கிழமை அவருக்கு முதல் வருஷத் திதி. இத்தனை நாள் வீட்டில் படம் மாட்ட மனம் வரவில்லை. பெரிதாக்கக் கொடுத்திருந்த படத்தை வாங்க இன்று மகளோடு ஒரகடம் போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனேன். அதில் என் வீட்டுக்காரரை வெள்ளையாக்கி வைத்திருந்தார் கடைக்காரர்.

“இது அவரு இல்லண்ணா. அவரு நல்ல கறுப்பு.”

“எல்லாரும் கலராத்தான் கேக்குறாங்கோ. எவ்ளோ கறுப்பு வேணும், நீயே சொல்லும்மா.”

திரையில் முகம் கறுத்தது, வெளுத்தது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருடைய செல்ஃபிகளிலும் போன் வெளுப்பாக்கிய முகம்தான். கார் கம்பெனியில் பெயின்ட் பார்ப்பவள் நான். கதவின் நிறம் பாடியின் நிறத்திலிருந்து துளி மாறினாலும் விடமாட்டேன். அங்கே சரியான நிறம் பூசிய சாம்பிள் தகட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

மகளின் கையைப் பிடித்துத் திரையோரம் வைத்தேன். அவள் அப்பா நிறம்.

“இந்த நிறம் போடுங்கண்ணா.”

படம் பிரின்ட் ஆகி வந்த பிறகும் அவள் திரையிலிருந்து கையை எடுக்கவில்லை.