பெடல் இல்லாத எடை

இன்று காலை ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் மீன்காரம்மா ஒரு வஞ்சிரத்தைக் கொக்கித் தராசில் மாட்டித் தூக்கினார். மீன் ஆடி அடங்கும்வரை நான் எண்ணைப் படிக்காமல் காத்திருந்தேன். "இன்னா மேடம், அப்படிப் பாக்கறீங்கோ? எடைல நம்பிக்கை இல்லியா?" என்று சிரித்தார். இதே மாதிரித் தராசில் சைக்கிளைத் தொங்கவிட்ட ஒருத்தியை எனக்குத் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லாமல் வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். மீன் இன்னும் கழுவாமல் கிடக்கிறது. நீ இருந்திருந்தால் அதற்கே திட்டு விழுந்திருக்கும்.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. சைக்கிளால்தான் போனாய் என்று பலர் நினைத்தார்கள். "ரோட்டுல அடிபட்டா?" என்று நம் கல்லூரியிலேயே கேட்டார்கள். இல்லை, வயிற்றில் தொடங்கிய நோய், நான்கே மாதம் என்று நான் சொல்லும்போது சிலர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரியும். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்குப் பந்தய சைக்கிள் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, அது கெடுதலில் முடிந்திருந்தால் கணக்குச் சரியாகியிருக்கும்.

கேட்டவர்களில் நானும் ஒருத்தி. அதை எழுதாமல் மற்றதை எழுத எனக்கு உரிமையில்லை.

தாம்பரத்தில் ஒரே கல்லூரியில் நீ உடற்கல்வி இயக்குநர், நான் புள்ளியியல் துறை. உன் வீடு கோவளத்துக்குத் தெற்கே மீனவர் குப்பத்தில். அம்மா கூடையில் மீன் விற்று உன்னைப் படிக்க வைத்தார். கல்லூரிக் கூட்டங்களில் நீ பேசும் தமிழ் வேறு, கோபமோ சிரிப்போ வந்தால் வரும் தமிழ் வேறு. எனக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் கிடைத்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்தச் சைக்கிள் பந்தயம். நாற்பது கிலோமீட்டர். ஒவ்வொருவராகக் கிளம்ப வேண்டும், எதிரி கடிகாரம் மட்டும்தான். எழுபத்தைந்து நிமிடத்துக்குள் வந்தால் பதக்கம், இல்லையென்றால் ஒரு வாழைப்பழமும் கைகுலுக்கலும். உன் பழைய அலுமினிய சைக்கிளில் இரண்டு ஆண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டாய். மூன்றாம் ஆண்டு முழங்கால் வீங்க ஆரம்பித்தது. மருத்துவர், இந்த ஒரு முறை வேண்டுமானால் போங்கள், அதற்கப்புறம் வேகம் வேண்டாம் என்றார். அன்று மாலையே கார்பன் சைக்கிள் வாங்கப் போகிறேன் என்றாய். முட்டி தேய்ந்தவளுக்குச் சைக்கிளை மாற்றி என்ன ஆகப் போகிறது என்றேன் நான். "முட்டிய மாத்த முடியாதுல்லடி, அதான்" என்றாய்.

மேடவாக்கத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த அந்தச் சைக்கிள் கடை. கடைக்காரர் நல்ல மனிதர், தானும் பந்தயம் ஓட்டுகிறவர். ஆனால் புடவையில் இரண்டு பெண்களைப் பார்த்ததும் அவர் கை தானாகவே வேறு வரிசையைக் காட்டியது. "லேடீஸுக்கு இந்த ஹைபிரிட் கம்ஃபர்ட்டா இருக்கும் மேடம். பின்னாடி கேரியர் கூடப் போட்டுக்கலாம்."

"கேரியர்ல இன்னா வெக்கறது சார், உங்களையா?"

அவர் சிரித்துவிட்டு உன்னைச் சரியான வரிசைக்கு அழைத்துப் போனார். இரண்டு சைக்கிள்கள் மிஞ்சின. ஒன்று மிக லேசானது, மெல்லிய குழாய்கள். மற்றது ஏரோ, காற்றைக் கிழிக்கும்படி கத்தி போலத் தட்டையான குழாய்கள், கொஞ்சம் கனம். லேசானதன் அட்டையில் ஏழு கிலோ சொச்சம் என்று போட்டிருந்தது. நீ பையிலிருந்து உன் அம்மாவின் கொக்கித் தராசை எடுத்தாய். கடையில் இருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சீட்டுக்கு அடியில் கொக்கியை மாட்டி, சைக்கிளைத் தூக்கிப் பிடித்தாய். எட்டைத் தாண்டியது.

"அது மேடம்... கம்பெனில சின்ன சைஸ் ஃபிரேமை வெச்சு எடுக்கற வெயிட். பெடல் சேர்க்காம."

"அப்ப நான் பெடல் இல்லாம ஓட்டணுமா?"

என் வாழ்க்கையில் எத்தனையோ கருத்தரங்குகளில் எத்தனையோ பேர் காட்டிய எண்களைச் சந்தேகித்திருக்கிறேன். ஒருவரிடமும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை.

இருந்தாலும் நான் லேசான சைக்கிளின் பக்கம் நின்றேன். எடையை அளக்கலாம், காற்று விஷயம் விளம்பரம் என்பது என் வாதம். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "ரோடு தட்டையா கீது. மேட்டுல ஏறும்போதுதான் எடை பேசும். நேரா போறப்ப காத்துதான் பேசும். காத்தப் பத்தி எனக்குச் சொல்லாதே." சரி, அளந்து பார்ப்போம் என்றேன்.

அந்த ஞாயிறு காலை வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் ஓர் இறக்கத்துக்குக் கடைக்காரர் இரண்டு சைக்கிளையும் வேனில் கொண்டுவந்தார். மேலிருந்து நீ மிதிக்காமல் உருண்டு வர வேண்டும், தானாக நிற்கும் இடத்தில் நான் சாக்பீஸால் கோடு போட வேண்டும். எவ்வளவு கவனமாக இருந்தேன் தெரியுமா! டயர் காற்றை ஒவ்வொரு முறையும் அளந்தேன். கிளம்பும் இடத்தில் செங்கல் வைத்தேன். நீ எப்படிக் குனிய வேண்டும் என்றுகூடச் சொன்னேன். லேசான சைக்கிள் ஐந்து முறை, பிறகு ஏரோ சைக்கிள் ஐந்து முறை. ஏரோவின் ஐந்து கோடுகளும் பின்னால் விழுந்தன. நான் ஜெயித்துவிட்டேன். குறிப்பேட்டை மூடி, "தரவு சொல்லிவிட்டது" என்றேன். அந்தத் தொனியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

நீ சைக்கிளை விட்டு இறங்கவில்லை. கிழக்கே பார்த்தபடி கழுத்து வேர்வையை விரலால் தொட்டாய்.

"ஏண்டி, நாம வந்தப்போ காத்து எங்கேர்ந்து வந்துச்சு?"

"தெரியலையே."

"முதுகுல. கரைக்காத்து. இப்ப மூஞ்சில அடிக்குது பாரு, கடல்காத்து திரும்பிடுச்சு. உன் லேசு வண்டிய அது தள்ளி வுட்டுச்சு, என் வண்டிய புடிச்சு இழுத்துச்சு. டாக்டர் பட்டம் வாங்கினவளே, ஒண்ணு மாத்தி ஒண்ணு வுடணும்னு உனக்குத் தோணலையா?"

கடைக்காரர் வேனுக்குப் பின்னால் போய் எதையோ தேடுவது போல நின்றுகொண்டார். ஒரு சோதனையில் எதையும் வரிசையாக முடிக்காதே, கலந்து செய், நேரத்தோடு மாறும் ஏதோ ஒன்று உன்னை ஏமாற்றும். ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் நான் நடத்தும் பாடம் இது. இருபது ஆண்டுகளாகப் பலகையில் எழுதியதை ஒரு காலையில் சாலையில் மறந்தேன். நான் எதிர்பார்த்த விடை முன்கூட்டியே கிடைத்துவிட்டதால் மறந்தேன்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனோம். இந்த முறை ஒன்று மாற்றி ஒன்று. ஏரோவின் கோடுகள் எல்லாமே எட்டு, பத்தடி முன்னால் விழுந்தன. நான் குறிப்பேட்டை உன்னிடம் நீட்டினேன். டீக்கடையில் எனக்கு ஒரு மசால்வடை கூடுதலாக வாங்கித் தந்தாய், தோற்றவளுக்கு என்று.

சைக்கிளை எடுக்கும் நாளில் கடைக்காரர் உயரமான விளிம்பு வைத்த சக்கரங்களைக் காட்டினார். பார்வைக்கு எடுப்பாக இருக்கும், இன்னும் வேகம் என்றார். வேண்டாம் என்றாய். "முட்டுக்காடு பாலத்துல பக்கவாட்டுல அடிக்கும் சார். இது படகுல பாயி கட்டின மாதிரி, என்னை இழுத்துகினு போயி தண்ணில வுட்டுடும். விளிம்பு குட்டையா இருக்கற சக்கரமா போடுங்க." ஒரு மாதத்துக்கு முன்னால் கேரியர் காட்டிய மனிதர் இப்போது நீ சொல்வதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

பந்தயத்தன்று பாலத்தின் மேல் காற்று நீ சொன்னபடியே அடித்தது. உயரமான விளிம்புச் சக்கரம் போட்ட ஆண்கள் சிலர் வேகத்தைக் குறைத்து, கைப்பிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்ததாகப் பிறகு சொன்னார்கள். கிளம்பிய இடம்தான் முடிவுக் கோடும்; நான் அங்கேயே இருந்தேன், கைக்கு ஒன்றாக இரண்டு நிறுத்துக்கடிகாரங்கள். ஒன்றை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. எழுபது ஆனது. எழுபத்திரண்டு ஆனது. சாலை வளைவில் ஆட்களுக்கு நடுவே முதலில் உன் முதுகுதான் தெரிந்தது, மேசை போலத் தட்டையாக. நாற்பத்தேழு வயது முதுகு. நான் சத்தமாகப் பேசிப் பழகாதவள். அன்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

எழுபத்து மூன்று நிமிடம், நாற்பது நொடி. இரண்டு கடிகாரங்களும் அதையே காட்டின.

நீ சாலையோரம் அப்படியே மல்லாந்து படுத்துவிட்டாய். முழங்கால் துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. நடத்துகிறவர்களில் ஒருவர் பதக்கத்தோடு வந்து குனிந்து, "சூப்பர் மேடம்! உங்க கோச் யாரு?" என்று கேட்டார். நீ படுத்தபடியே கையை நீட்டி என்னைக் காட்டினாய்.

"இவதான் சார். ஒண்ணத்தையும் நம்ப மாட்டா. அதுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் நான் இவ்ளோ தூரம் வந்தேன்."

பதக்கம் உன் அண்ணன் வீட்டில் மாட்டியிருக்கிறது. சைக்கிளை அவர் மகள் ஓட்டுகிறாள், உன் உயரம் அவளுக்குத்தான். எனக்கு வந்தது அந்த ஒரு வாக்கியம். சந்தேகப்படுகிறவள் என்று என்னை வீட்டிலும் வேலையிலும் பலர் குறையாகச் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தன் வெற்றியில் ஒரு பங்கு என்று சொன்னவள் நீ ஒருத்தி. "நீங்களா மேடம் கோச்?" என்று அவர் என்னைப் பார்த்தபோது, இல்லை, நான் எதிர்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நீ தரையிலிருந்து என் கணுக்காலைப் பிடித்து அழுத்தினாய்.

நான் மறுக்கவில்லை. நீங்கள்தான் அவள் கோச்சா என்று இன்று யார் கேட்டாலும் மறுப்பதில்லை.