உப்பைக் கேட்ட பூஞ்சை

20 பிப்ரவரி, வெள்ளி

"சார், நாம சாப்பிடுறது எல்லாம் நமக்குத்தானா?" – நான் ஆசிரியராக இருந்தபோது, வகுப்பில் மாணவன் ரோனி எப்போதோ கேட்டது. இல்லை, குடலில் குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்களுக்கும் பங்கு உண்டு. பணி ஓய்வுக்குப் பின் நான் உதவியாளராக இருக்கும் ஆய்வுக்கூடத்தில் அந்தப் பங்கைத்தான் தயாரிக்கிறோம். சிங்கப்பூரின் செம்பவாங் கடற்கரையில் ஒதுங்கிய மரக்கட்டையிலிருந்து, ஆய்வை நடத்தும் டாக்டர் சம்சுன்னிசா எடுத்த பூஞ்சைதான் அதைச் செய்கிறது. சீனியை மணி கோப்பதுபோல் சங்கிலியாகக் கோக்கும். சங்கிலி நமக்குச் செரிக்காது, நுண்ணுயிர்களுக்கு விருந்து.

முன்பு கோத்தது. இப்போது கோப்பதில்லை. மார்ச் நடுவில் பரிசீலனை; அதற்குள் சரியாகாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். சம்சுன்னிசாவின் நான்கு வருட உழைப்பு. விடக்கூடாது.

24 பிப்ரவரி

வெப்பத்தை மாற்றினோம். ஒன்றுமில்லை.

27 பிப்ரவரி, வெள்ளி

அமிலத்தன்மையையும் மாற்றியாயிற்று. பஞ்சுபோல் கொழுகொழுவென்று வளர்கிறது, வேலை மட்டும் செய்வதில்லை – வீட்டுப்பாடம் எழுதாத செல்லப் பிள்ளை.

சம்சுன்னிசா தேக்கா உணவங்காடியில் நோன்பு திறந்தார். கூட உட்கார்ந்தேன். எனக்குத் தவக்காலம், வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது; மத்தி மீன் வைத்து மடித்த ரொட்டி, சார்டின் முர்தபாக்தான்.

"நீங்களும் நோன்பு, நானும் நோன்பு. நம்ம பூஞ்சை மட்டும் மூக்கு முட்டத் தின்னுட்டு சும்மா கெடக்கு லா, சார்."

சிரித்தேன். புக்கிட் பாத்தோக் வீட்டுக்கு வரும்வரை அதே நினைப்பு. அதற்கு என்ன குறை வைத்தோம்? அதை வளர்க்கும் எஃகுக் கலன் துருப்பிடிக்கிறதென்று கடல்நீரைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்து, இப்போது வெறும் நல்ல தண்ணீர். உப்பிலேயே பிறந்ததுக்கு! ஐயோ, எப்படித் தோணாமப் போச்சு?

28 பிப்ரவரி

"இவ்ளோ நல்லா வளருதே சார், இதுல போய் உப்பா?"

"வளர்றது வேற, வேலை செய்றது வேறம்மா. ஒரே ஒரு கண்ணாடிக் குடுவை கொடுங்க. அது துருப்பிடிக்காது."

செம்பவாங்கிலிருந்து இரண்டு கேன் கடல்நீர். ரயிலில் எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

3 மார்ச்

மெலிந்துவிட்டது. "செத்துடும் சார்." சாகாது. பொறுப்போம்.

6 மார்ச்

கருவி வரைந்த கோட்டில், சங்கிலிச் சர்க்கரை இருந்தால் எழும் இடத்தில், சின்ன மேடு. சம்சுன்னிசா புது மாதிரி எடுத்தார். மறுபடி ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் மேடு.

17 மார்ச்

எஃகுக் கலனை வெளியே தள்ளிவிட்டுக் கண்ணாடிக் கலனைப் பொருத்தினோம். பரிசீலனைக்கு வந்து, திட்டத்தைத் தொடரச் சொன்னவர்களில் ஒருவர், "உப்பு அவ்ளோ முக்கியமா, சார்?" என்றார். சம்சுன்னிசா என்னைப் பார்த்தார். கடலில் பிறக்காததை வைத்தே பதில் சொன்னேன்: வீட்டில் இரண்டு குவளைச் சீனித் தண்ணீரில் ஈஸ்ட் போட்டு, ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி உப்பைக் கரைத்துவிட்டு, எது நுரைக்கிறதென்று காத்திருந்து பாருங்கள்; ஈஸ்டை அடக்கிப்போடும் அதே உப்புதான் கடலில் பிறந்த எங்கள் பூஞ்சையை வேலை செய்ய வைக்கிறது.