மருந்தா, வெறும் மாத்திரையா

மரக்காணம்
21.8.2005

அன்புள்ள மாமாவுக்கு அம்சவல்லி எழுதுவது.

நேற்று பாண்டிச்சேரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். என் வயிற்றில் இருப்பது பிள்ளை இல்லை. கர்ப்பப்பையில் நார்க்கட்டி, ஐந்து மாதப் பிள்ளை அளவு. புற்றுநோய் மாதிரி தெரியவில்லையாம்.

நீங்கள் மஸ்கட் போய்ப் பதினான்கு மாதம். சுனாமிக்குக்கூட லீவு கிடைக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். உப்பளத்தில் முத்தம்மாள் எல்லோர் எதிரிலும் கேட்டாள்: "ஏண்டி அம்சா, மஸ்கட்லேர்ந்து தபால்ல வந்துச்சா?" சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார்கள். எடுத்தால் நமக்குப் பிள்ளை கிடையாது. இன்னொன்றும் சொன்னார்கள். கட்டியைச் சுருக்க ஒரு மாத்திரையை ஆராய்கிறார்கள். ஆறு மாதம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. சேரட்டுமா?

உங்கள் அம்சவல்லி

மஸ்கட்
11.9.2005

அம்சா,

இங்கே சௌக்கியம். உன் கடிதம் வருமுன்பே அம்மா போனில் சொல்லிவிட்டாள், வேறு மாதிரி. நான் எதுவும் நினைக்கவில்லை. எல்லாம் உப்பளத்துச் சூடு. போகாதே என்றால் கேட்டாயா? உன்னை வைத்தா மாத்திரையைச் சோதிக்க வேண்டும்? உன் இஷ்டம்.

ஸ்கேன் படத்தை மட்டும் அனுப்பு. நம்பாமல் இல்லை. பார்த்தால் மனசு ஆறும்.

ராஜாங்கம்

மரக்காணம்
22.1.2006

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சேர்ந்த ஆராய்ச்சியில் வியாழக்கிழமை எடுத்த ஸ்கேன்படி கட்டி வளரவில்லை, கொஞ்சம் குறைந்த மாதிரிகூட இருக்கிறது. "இத வச்சி ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா. சூட்டைப் பற்றியும் கேட்டேன். பெண் உடம்பில் சுரக்கும் ஹார்மோன் கட்டியை வளர்க்கிறதாம். முதலில் எதனால் வருகிறது என்று இன்னும் முழுசாகத் தெரியாதாம். உப்பளத்தால் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார். மழை விட்டுவிட்டது. நாளை முதல் உப்பளத்துக்குப் பாத்தி மிதிக்கப் போகிறேன்.

படம் கேட்டு இதோடு மூன்று கடிதம் எழுதிவிட்டீர்கள். படம் பெட்டியில்தான் இருக்கிறது. அனுப்பப்போவதில்லை. மருந்தா, வெறும் மாத்திரையா என்றே தெரியாததை நான் தினம் நம்பி விழுங்குகிறேன். ஏழு வருஷம் கூட வாழ்ந்தவளை நம்ப உங்களுக்குப் படம் வேண்டுமா?

கடைசி ஸ்கேன் மார்ச் பதினாறு. யாருக்கு எந்த மாத்திரை என்பதை வருஷக் கடைசியில்தான் சொல்வார்களாம். உங்கள் லீவும் மார்ச்சில்தான். ஸ்கேன் அறைக்குள் துணைக்கு ஒருவரை விடுவார்கள். இதுவரை என் தங்கை ஜெயா வந்தாள். மார்ச்சுக்கு அவளை வரச் சொல்லவில்லை.

அம்சவல்லி