புழுவின் பெயர் கொண்ட வெள்ளைக் கல்

யாங்கோன்,
மார்கழி 3

இறையருளால் நெடுநாள் வாழவேண்டிய மகன் சந்திரனுக்குத் தந்தை சிவநாதன் எழுதியது.

எல்லை தாண்டிப் போய்வரும் ரிஹானா கொண்டுவந்த உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, கஞ்சி குடிக்கிறாள். பொங்கலுக்கு எல்லை கடந்து வீட்டுக்கு வந்துவிடுவதாக எழுதியிருக்கிறாய். அதற்குமுன் ஒன்றை நீ அறிய வேண்டும்.

நிலவியல் படித்த நாளில் நீ கொண்டுவந்த வெள்ளைக் கல் நினைவிருக்கும். ஊசிகளைச் சேர்த்துக் கட்டினாற்போன்றது. பெயர் ஸ்கோலசைட், கிரேக்க மொழியில் புழு என்று பொருள் என்றாய். பனிபோல் தூயதற்கு இத்தனை இழிந்த பெயரா என்று சினந்தேன். "பாக்க எப்பிடி இருக்குன்னு வச்ச பேரு இல்லப்பா. ஊதுகுழல் நெருப்பு பட்டா புழுவாட்டம் சுருளும், அதுக்கு வச்சது" என்று சிரித்தாய்.

சென்ற மாதம் வட்டார அதிகாரி குடும்பப் பட்டியலோடு வந்தார். படைக்கு ஆள் எடுக்கிறார்கள். உன் பெயரைக் காட்டி, எங்கே என்றார். திருமுறை ஓதும் இந்த நாவால், நீ த்வாண்டே கால்வாயில் மூழ்கிவிட்டாய், உடல் கிடைக்கவில்லை என்றேன். சொல்லும்போதே முதுகு தானாக வளைந்து, அவர் காலருகே குந்தியிருந்தேன். கல்லின் பெயர் அப்போது விளங்கியது.

அவர் உன் பெயரை அடித்துவிட்டு, "ஏழாம் நாள் சோறு எப்போ, ஊ சிவநாதன்? நாங்களும் வர்றோம்" என்று, பர்மியர் வழக்கப்படி 'ஊ' என்று மரியாதை சேர்த்துக் கேட்டார். செய்யாதிருக்க முடியவில்லை. நம் வழக்கப்படி கல் ஊன்றி, அதையே இறந்தவராக எண்ணி எள்ளும் நீரும் இறைக்க வேண்டுமே. நான் எடுத்த கூழாங்கல்லை உன் அம்மா பிடுங்கி எறிந்தாள். "உசுரோட இருக்கிற புள்ளைக்கு ஏதோ ஒரு கல்லா? வச்சா அவன் கல்ல வைங்க" என்று உன் கல்லைத் தந்தாள். எள்ளை விரலிடுக்கில் மறைத்து, வெறும் நீரை ஊற்றினேன். மந்திரம் சொல்லவில்லை, உதடுகள் மட்டும் அசைந்தன. அதிகாரி வயிறார உண்டு, என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். கல்லை ஆற்றில் விடும் வேளையில் செங்கல் துண்டொன்றை விட்டேன். உன் கல் அம்மாவின் தலையணைக்கடியில் இருக்கிறது.

ஆதலால் வராதே. வந்தால் நீயும் பிழைக்கமாட்டாய், நாங்களும் பிழைக்கமாட்டோம். என் வாயால் மாண்ட மகனே, அந்தப் பொய்க்குள் நூறாண்டு வாழ்வாயாக. அம்மாவுக்கு ஏதேனும் நேர்ந்ததென்று யார் வந்து சொன்னாலும், நானே எழுதினாலும், வராதே.

என்றும் உன் நலம் வேண்டும்,
சிவநாதன்