மூன்றாவது டொக்

அன்பு மகளுக்கு,

அந்தக் கார் ஓடாவிட்டால் உனக்கு என்னம்மா ஆகிவிடும் என்று போன ஞாயிறு போனில் கேட்டாய். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. வாரம் முழுக்க யோசித்தும் பதில் பிடிபடவில்லை, ஆனால் நடந்ததைச் சொல்ல முடியும், அதையும் போனில் சொன்னால் நீ நடுநடுவே புத்தி சொல்வாய் என்பதால் எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம். அப்பாவின் ரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. நீயும் நன்றாக இருப்பதாகச் சொல்கிறாய், ஆனால் அந்த இருமல் போகவில்லை என்பது போனிலேயே கேட்கிறது. டாக்டரைப் பார்த்தேன் என்று நீ சொன்னதை நான் முழுசாக நம்பவில்லை.

ஏரிக்கரைப் படியில் வழுக்கி விழுந்து, இடது கணுக்காலில் தகடு வைத்து, அது இனி மடங்காது என்று சொன்னதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. கிளட்சை மிதிக்க முடியாது, ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்றுதான் எனக்குத் தோது. அதன் கியர்பாக்ஸ் நடுச்சாலையில் கைவிட்டதும் தெரியும், எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. உனக்குச் சொல்லாதது ஒன்று உண்டு. எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்திருக்கும் புது மேலாளர், ஏரிக்கும் கிணற்றுக்கும் போய் மாதிரி எடுக்கிறவர்கள் சொந்தமாக வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டும், வருகிற திங்கட்கிழமை என்னிடம் வண்டி இல்லையென்றால் இனி நான் உள்ளே உட்கார்ந்து மற்றவர்கள் எழுதும் அறிக்கைகளைச் சரிபார்க்கலாம் என்றார். உங்க நல்லதுக்குத்தான் மேடம் என்றும் சொன்னார். எனக்கு மத்தியானம்தானே ஷிப்ட், காலையில நான் கொண்டுபோய் விடறேனே என்றார் அப்பா. விழுந்து எழுந்தவ சும்மா இருக்கக் கூடாதாக்கா என்றான் மாமா. நீயும் கிட்டத்தட்ட அதையே கேட்டாய். என் நல்லது எது என்று என்னைத் தவிர எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் வண்டியைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்து, இதைத் தள்ளிவிட்டுட்டு கியர் வண்டியா வாங்கிடுங்க சார் என்றார். ஓட்டுறது இவங்க என்று அப்பா என்னைக் காட்டினார். அதற்கும் அவர் அப்பாவைப் பார்த்துத்தான் தலையாட்டினார். வேறு இரண்டு இடங்களில் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். திரும்பி வரும்போது, நாமே மாற்றிவிடலாம் என்றேன். அப்பா சிரித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பின்பக்கம் நசுங்கிப்போன இதே மாதிரி வண்டி ஒன்று பழைய சாமான் கடையில் கிடந்தது. கியர்பாக்ஸ் பிரமாதமா இருக்கும்மா என்றார் கடைக்காரர். பிரமாதத்தை நான் சோதித்த பிறகுதான் ஏற்றுக்கொள்வேன் என்று அதிலிருந்து கொஞ்சம் எண்ணெயை மாதிரிப் புட்டியில் பிடித்துவந்து ஜன்னலோரம் தெளியவைத்தேன். நல்ல சிவப்பு, தீய்ந்த வாடை இல்லை, அடியில் இரும்புத்தூள் மினுங்கவில்லை. வாங்கினோம். மாமா பஸ் ஓட்டும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கனமான சாமான் தூக்கும் சக்கர ஜாக்கியோடு வந்தான். வாழ்நாள் முழுக்க கியர் போட்டே ஓட்டினவனுக்கு ஆட்டோமேட்டிக் என்றால் இளப்பம். இதெல்லாம் வண்டியாக்கா, ஊஞ்சல், ஏறி உட்கார்ந்தா அதுவா ஆடும் என்று கேலி செய்துகொண்டேதான் வேலை செய்தான், ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது.

நாலு ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தடியில் மரக்கட்டையும் வைத்த பிறகுதான் யாரையும் உள்ளே படுக்க விட்டேன். ஓர் அட்டையில் கியர்பாக்ஸின் வடிவத்தை வரைந்து, கழற்றும் போல்ட்டை எல்லாம் அதனதன் இடத்தில் குத்திவைத்தேன், மாமா அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டு, என்னக்கா முள்ளு வளர்க்கிற என்று துள்ளி எழுந்தான். பழைய கியர்பாக்ஸிலிருந்து வடிந்த எண்ணெய் கறுப்பாகக் காந்தல் நாற்றம் அடித்தது. அதன் பொடியெல்லாம் எண்ணெயைக் குளிர்விக்கிற குழாய்களுக்குள் தங்கியிருக்கும், அப்படியே விட்டால் புதிதாக மாட்டுவதையும் தின்றுவிடும். குழாய்களில் புது எண்ணெயை விட்டு, வெளியே வருவதை வெள்ளைத்துணியில் சொட்டவிட்டு, கறை நிற்கும்வரை கழுவினேன். போதும்மா, குடிக்கவா போறோம் என்றார் அப்பா. நான் நிறுத்தவில்லை.

தகராறு இன்றைக்கு மத்தியானம் வந்தது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்று ஒன்று உண்டு, இரண்டு பெரிய தட்டுகளைக் கவிழ்த்து ஒட்டின மாதிரி, உள்ளே எண்ணெய், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கியர்பாக்ஸின் வாயில் அதைத் திருப்பித் திருப்பி அமுக்கினால் படிப்படியாக உள்ளே இறங்கும், ஒவ்வொரு படிக்கும் டொக் என்று ஒரு சத்தம், மூன்று டொக் கேட்க வேண்டும். மூன்றும் கேட்டேன். ஆனால் ஜாக்கியில் ஏற்றிச் சாய்த்தபோது அது கொஞ்சம் முன்னால் நழுவியிருக்கிறது, எங்கள் யாருக்கும் தெரியவில்லை. மேலே கொண்டுபோய்ப் பொருத்தினால் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி நின்றது. இதுதானே, நாலு போல்ட்டையும் மாத்தி மாத்தி இறுக்கினா தன்னால உட்காந்துடும் என்று மாமா ஸ்பானரை எடுத்துவிட்டான். அப்பாவுக்கும் பசி, ஆமாம் ஆமாம் என்றார். நான் அடியில் படுத்து, சின்ன ஜன்னல் போன்ற துளை வழியே கையை விட்டுக் கன்வெர்ட்டரைத் திருப்பிப் பார்த்தேன். சுற்றவில்லை. சரியாக உட்கார்ந்திருந்தால் லேசாகச் சுற்றும். இந்த நிலையில் போல்ட்டால் இழுத்தால் உள்ளே இருக்கும் பம்ப் நொறுங்கிவிடும், நொறுங்கினது வண்டியைக் கிளப்பும்வரை தெரியாது. கீழே இறக்கு என்றேன். அக்கா, மூணு பேரும் செத்து சுண்ணாம்பாகி ஏத்தியிருக்கோம், உன் சந்தேகத்துக்கு ஒரு அளவே கிடையாதா என்று கத்தினான். அப்பா, அவன் சொல்றதையும் கொஞ்சம் கேளேன் என்றார். எனக்குக் கத்த வராது, உனக்குத் தெரியும். ஓட்டப்போற கால் என்னுது, இறக்குங்க என்று மட்டும் சொன்னேன். ஸ்பானரை மாமா வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

இறக்கினோம். நான் கன்வெர்ட்டரை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கித் திருப்பினேன், வெகு நேரம் ஒன்றுமில்லை, அப்புறம் டொக். மாமாதான் முதலில் தலையைத் தூக்கினான். இந்தத் தடவை அது நழுவாமல் வாயின் குறுக்கே கம்பி போட்டுக் கட்டி மேலே ஏற்றி, கடைசி நிமிடம் கம்பியை அவிழ்த்தோம். கையால் தள்ளினதுமே இடைவெளி இல்லாமல் போய் ஒட்டிக்கொண்டது. உள்ளே கன்வெர்ட்டர் ஒரு விரலுக்குச் சுற்றியது. மாமா வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, வாலு (உன்னைத்தான்) போன் பண்ணா சொல்லு, அவ அம்மாகூட சேர்ந்து வேலை செய்யறதுக்குப் பதிலா பஸ்ஸை மலையில பின்னாடியே ஏத்திடலாம்னு என்றான். பிறகு இரண்டு பங்கு சாப்பிட்டான்.

எல்லாம் மாட்டியாயிற்று. எண்ணெய் ஊற்றிக் கிளப்புவதுதான் பாக்கி. பொழுது சாய்ந்துவிட்டது, கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது, அதனால் நாளைக்கு என்று சொல்லிவிட்டேன். ஓடுமா என்று அப்பா இரண்டு தரம் கேட்டார். தெரியாது. ஓடாவிட்டால் மறுபடி இறக்கிப் பார்ப்பேன் என்பது மட்டும் தெரியும்.

நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்த இடத்துக்கு யாரையும் எதிர்பார்க்காமல் போய்வரும் தெம்பு உனக்கு என்றும் இருக்க வேண்டும், நான் வேண்டிக்கொள்வது அவ்வளவுதான். டாக்டரை நிஜமாகவே போய்ப் பார், மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா

மறுநாள். உறையை இன்னும் ஒட்டவில்லை, ஆகவே இதையும் சேர்த்துவிடுகிறேன். சக்கரங்கள் தரையில் படாமல் ஸ்டாண்டில் இருக்கும்போதே கிளப்பினோம். ரிவர்ஸ் பிடித்தது. முன்னால் போகிற கியர் பிடிக்கவில்லை. மாமா வாயைத் திறந்தான், என்னைப் பார்த்து மூடிக்கொண்டான். அளவுக்குச்சியை எடுத்துப் பார்த்தால் நுனிகூட நனையவில்லை, ஊற்றினதையெல்லாம் கன்வெர்ட்டர் குடித்துவிட்டிருந்தது. இன்னும் ஊற்றினேன். லேசாக ஒரு உதறல், பின்சக்கரம் இரண்டும் முன்னோக்கிச் சுற்றின. குழாய் மூட்டில் ஒரு சொட்டு கசிந்தது, இறுக்கினேன், நின்றது. வண்டியைத் தரையில் இறக்கினதும் அப்பா உள்ளே போய் ஷூ போட்டுக்கொண்டு வந்து பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தார். நான் ஓட்டுகிற பக்கம் ஏறி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அப்புறம் என் ஊன்றுகோலை எடுத்து அந்த சீட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். தெருமுனையில் திரும்பி வந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏரிக்கரை வரைக்கும் போய்விட்டேன். படி இறங்கவில்லை, எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை, தண்ணீரைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வண்டியோடு வருகிறேன் என்று மேலாளருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அங்க எதுக்குப் போனே என்று கேட்டார். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். நிஜமாகவே இருந்தது. எனக்குக் காபி போட அப்பா வைத்தது, மறந்துபோய் வாசலிலேயே நின்றுவிட்டார் போலிருக்கிறது, அடுப்பெல்லாம் பொங்கி வழிந்திருந்தது.