நாய்ப்படம் போட்ட டப்பா

மார்ச் 4

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று ஒருவர் இருந்த பிரேம்களையெல்லாம் மாட்டிப் பார்த்துவிட்டு, "பழசே போதும்மா" என்று போய்விட்டார். வீட்டிலும் இதே கதைதான். என் வீட்டுக்காரர் இவருக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. காபித்தூள் டப்பாவில் ஆணி, பிஸ்கட் டப்பாவில் பூண்டு, சர்க்கரை என்று எழுதிய டப்பாவில் சோப்புத்தூள். கல்யாணமான புதிதில் மாமனாருக்கே சோப்புத்தூள் காபி கொடுத்த புண்ணியவதி நான். இன்றைக்கும் எந்த டப்பாவைத் திறந்தாலும் ஒருதரம் முகர்ந்து பார்க்கிறேன்.

தோட்டத்தில் நத்தைத் தொல்லை. இவர் போட்ட முட்டைக்கோஸ் நாற்றெல்லாம் சல்லடை. "மருந்து வைக்கட்டுமா?" என்றார். "மூச்! பொட்டலம் கண்டதையும் தின்னுவான்" என்றேன். பொட்டலம் எங்கள் நாய். குட்டியாகத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்ததால் அந்தப் பெயர். இப்போது தூக்கினால் என் இடுப்பு போய்விடும்.

மார்ச் 11

நத்தையைக் காணோம். விடியற்காலையில் எழுந்து கையாலேயே பொறுக்கினாராம். நம் வீட்டு மனிதருக்கு இவ்வளவு பொறுமையா!

நாத்தனாருக்கும் நாய்க்கும் ஒத்துப்போகவில்லை. புருஷன் வேண்டாமென்று அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறாள், பாவம்தான். ஆனால் பொட்டலம் அவள் அறைப்பக்கம் போனாலே கதவைச் சாத்துகிறாள். "முடி கொட்டுது அண்ணி." அவன் வீட்டில் அவன் முடி கொட்டுகிறது, உனக்கென்ன? வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

மார்ச் 17

பொட்டலம் போய்விட்டான்.

மார்ச் 18

நேற்று எழுத முடியவில்லை.

கடையில் இருந்தேன். இவர் போன் செய்தார் — நாய்க்கு இழுக்குது, ஆஸ்பத்திரிக்கு வா. நான் போனபோது மேஜைமேல் கிடந்தான். நாலு காலும் விறைத்து, வாயில் நுரை. தொட்டால் நெருப்பாகச் சுட்டது. என் குரல் கேட்டதா? கேட்டிருக்கும். கேட்டிருக்க வேண்டும்.

டாக்டரம்மா கேட்டார், "தோட்டத்துல நத்தை மருந்து ஏதாவது போட்டீங்களா? என்ன தின்னதுன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியத்துக்கு ஒரு வழி."

"அதெல்லாம் நாங்க வாங்கறதே இல்லைங்க" என்றார் இவர்.

நாத்தனார் அழுதாள். "பசிக்குதுன்னு என் கதவைப் பிறாண்டுச்சு அண்ணி. தீனிதான் போட்டேன். பின்பக்க அலமாரியில நாய்ப்படம் போட்ட டப்பா இருந்துச்சே, அதுலேருந்து."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். அலமாரியில் டப்பாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தீனி டப்பா எப்போதும்போல் சமையலறையில் இருந்தது. "எந்த டப்பாடி? காட்டு!" அண்ணனைப் பார்த்தாள். இவர் தரையைப் பார்த்தார்.

கொலைகாரி என்றேன். ஆமாம், சொன்னேன். இன்னொரு தரமும் சொல்வேன்.

மார்ச் 20

"கொஞ்ச நாள் அவ வேற எங்கயாவது இருக்கட்டும்" — சொன்னது நானில்லை, இவர். தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். எனக்காகக் கூடப்பிறந்தவளையே அனுப்பிவிட்டாரே என்று அழுகை வந்தது. நல்ல மனுஷன்.

மார்ச் 27

கோஸ் தளதளவென்று வளர்கிறது. ஒரு இலையிலும் ஓட்டை இல்லை. எனக்குத் தோட்டத்துப்பக்கம் போகவே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 5

இவர் காரை நான் எடுத்துப்போவது அபூர்வம். இன்று எடுத்தேன், வழியில் பஞ்சர். ஜாக்கி தேடி டிக்கியைத் திறந்தால், பழைய துணிக்கு அடியில் நாய்ப்படம் போட்ட டப்பா. போன தடவை தீனி தீர்ந்ததும் நானே குப்பையில் போட்டது. மூடியில் பொட்டலத்தின் பல் தடம் அப்படியே இருக்கிறது. பளிச்சென்று கழுவி, உள்ளே ஸ்குரூ போட்டு வைத்திருக்கிறார்.

ஒளிச்சு வெச்சவருக்கு அதைத் தூக்கிப் போட மனசு வரல. தங்கச்சியைத் தூக்கிப் போட வந்துச்சே? அதுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?

ஏப்ரல் 6

டப்பாவைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். இவர் அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்தார். "நத்தை மருந்து பாக்கெட் கிழிஞ்சு போச்சு. ஈரம் படக்கூடாதுன்னு அதுல கொட்டி வெச்சேன். நீ கத்துவேன்னுதான் சொல்லல."

நான் கத்துவேனாம்! இன்று கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நாத்தனாருக்குப் போன் செய்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் டப்பா கிடைத்ததைச் சொன்னேன்.

"தெரியும் அண்ணி. பொட்டலம் துடிச்சுக்கிட்டு கிடக்கும்போதே அண்ணன் தோட்டத்துக் குழாயடியில அதைக் கழுவிக்கிட்டு இருந்தாரு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"எனக்குன்னு அவரு ஒருத்தர்தானே இருந்தாரு. அவரே சொல்லிடுவாருன்னு நின்னேன்."

முதலில் டப்பாவைக் கழுவியிருக்கிறார். அப்புறம்தான் நாயைத் தூக்கியிருக்கிறார். இந்த மனுஷனோடுதான் இத்தனை வருஷம் —

ஏப்ரல் 16

நாத்தனார் வாடகைக்கு எடுத்திருக்கும் இந்த அறைக்கு ஒரே ஜன்னல். கடைக்குப் போக இங்கிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். நாத்தனார் வேலைக்குக் கிளம்பும்போது, "காபி போட்டுக் குடிங்க அண்ணி, எல்லாம் மேடைமேலயே இருக்கு" என்றாள். கொலைகாரி என்று சொன்ன வாய்க்குக் காபி.

சர்க்கரை டப்பாவைத் திறந்து, பழக்கத்தில் முகர்ந்து பார்த்தேன். சர்க்கரைதான் இருந்தது.